நடுக்கோடு

பத்திரத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான்:
'கிழக்கே வெரென் ஆற்றின் நடுக்கோடு வரை.'
எழுதியவர் வெயில்காலத்தில் எழுதியிருக்க வேண்டும்.
பிப்ரவரியில் இந்த ஆற்றுக்கு நடுவும் கிடையாது,
ஓரமும் கிடையாது.
பள்ளத்தாக்கு முழுக்க ஒரே தகரத் தகடு.
வேலிக் கம்பங்கள் கழுத்தளவில் நின்றுகொண்டிருக்கும்.

நான் வந்தது மார்ச் பதினொன்று, தண்ணீர் வடிந்தபின்.
வேனைத் தேவாலயச் சுவரோரம் நிறுத்திவிட்டு
முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு
ஸ்டோக் வெரெனின் ஒரே தெருவில் இறங்கினேன்.
பதினேழு வீடுகள். வாசல்தோறும்
மணல் மூட்டைகள் இன்னும் படுத்திருந்தன,
அவிழ்த்துவிட மறந்த நாய்களைப்போல.
மதுக்கடைச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களுக்குக்
கோடு போட்டு ஆண்டு எழுதியிருக்கிறார்கள்.
இந்த ஆண்டின் கோடு என் இடுப்புக்கு மேலே.
பெயிண்ட் விரலில் ஒட்டியது.

ஆறு செய்தது என்னவென்றால்,
லாடம்போல் வளைந்து ஓடிய இடத்தில்
சுற்றிப்போகப் பொறுமையில்லாமல்
கழுத்தை அறுத்துக்கொண்டு நேரே போய்விட்டது.
லாடத்துக்குள் ஒன்றேமுக்கால் ஏக்கர் புல்,
இரண்டு வில்லோ மரம், ஒரு தீவனத் தொட்டி,
மேட்டில் ஒதுங்கித் தப்பிய ஐந்து செம்மறிகள்.
எல்லாம் வினிஃப்ரெட் பாயலுடையவை.
எல்லாம் இப்போது அக்கரையில்,
மெர்வின் ஹாட்ஜ்கிஸ்ஸின் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு.

சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.
ஆறு மெல்ல மெல்ல நகர்ந்ததா,
ஒரே மூச்சில் தாவியதா?
நகர்ந்திருந்தால் எல்லையும் கூடவே நகரும்.
தாவியிருந்தால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும்,
தண்ணீர் வராத பள்ளத்தில்.

"ஒரே ராத்திரி," என்றார் வினிஃப்ரெட்.
ரப்பர் பூட்ஸ், அளவுக்கு மீறிய கோட்டு.
"பிப்ரவரி மூணு. ரெண்டரை மணிக்குச் சத்தம்,
லாரியிலிருந்து உருளைக்கிழங்கு கொட்டுற மாதிரி.
விடிஞ்சு பார்த்தா என் மரம் அந்தப் பக்கம்."

"பன்னிரண்டு வருஷமாத் தின்னுக்கிட்டிருக்கு," என்றார் மெர்வின்.
"வருஷத்துக்கு ஒரு முழம். யாரும் பார்க்கலை.
பார்க்காததெல்லாம் ஒரே ராத்திரியிலதான் நடக்கும்."
சொல்லிவிட்டு என் முக்காலியைப் பார்த்தார்.

மதியம் மதுக்கடையில் சூப் வைத்த பெண் சொன்னாள்:
அந்தப் பன்னிரண்டில் முதல் நாலு வருஷம்
வினிஃப்ரெட் அவர் வீட்டில்தான் இருந்தாராம்.
பாயல் என்பது திரும்ப எடுத்துக்கொண்ட பெயராம்.

நான் அளக்க வந்தவள். அறுந்த கரையில் இறங்கினேன்.
மேலே ஒரு சாண் கருமண். கீழே செங்களி.
அதற்கும் கீழே கூழாங்கல் வரிசை.
ஆறு முன்பும் இங்கே படுத்திருக்கிறது,
பத்திரம் எழுதியவர் பிறப்பதற்கு முன்னால்.
ஆல்டர் வேர்கள் அந்தரத்தில் தொங்கின.
சில வெளுத்து, ஈரமாக, நேற்று அறுந்ததுபோல.
சில பட்டை முற்றி, பாசி படர்ந்து.
இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான்.
அதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை.

உதவிக்கு வரவேண்டிய பையனுக்குக் காய்ச்சல்.
நாடாவின் ஒரு முனையை வினிஃப்ரெட்டிடம் கொடுத்தேன்.
மறுமுனையைக் கல்லோடு கட்டி எறிந்தேன்.
மூன்றாவது எறிதலில் மெர்வின் பிடித்தார்.
பழுப்புத் தண்ணீருக்கு மேலே
மஞ்சள் நாடா நடுங்கியது.
"கொஞ்சம் விடு," என்றார் அவர்.
"விட்டுத்தான் இருக்கேன்," என்றார் இவர்.
மூன்று மணி நேரத்தில் அவர்கள் பேசியது அவ்வளவே.

இருபத்திரண்டு மீட்டர், நாற்பது சென்டிமீட்டர்.
பாதி பதினொன்று இருபது.
அந்த இடத்தில் ஒரு சுழி,
ஒரு பிளாஸ்டிக் வாளி மூடி சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியாகப் பாலம் சுற்றிப் போய்
லாடத்துக்குள்ளும் நடந்தேன்.
செம்மறிகளின் முதுகில் வினிஃப்ரெட்டின் நீலச் சாயம்.
தொட்டி நிறையக் காய்ந்த புல்,
இன்று காலை போட்டது, இன்னும் நனையவில்லை.
யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.
காய்ந்த பள்ளத்தைக் குறுக்கே தாண்டி
மெர்வினின் கொட்டகையிலிருந்து ஒற்றையடிப் பாதை வந்தது,
ஐந்து வார பூட்ஸ் தடம், சேறு இறுகி.

வரைபடத்தில் அதைப் புள்ளிக்கோடாகப் போட்டேன்.